ஈ கட்டியவள் பெயர்

போன ஆண்டு சித்திரை மாதம். விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் தொடங்கிய வாரம். காசிமேட்டுப் படகுகள் கட்டிக்கிடக்க, எங்கள் நெம்மேலிக் குப்பத்து ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரமாகப் போய் வந்துகொண்டிருந்தன. மீன் விலை ஏறிக்கிடந்தது. அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் வழியாக எனக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதி. அங்கே தூண்டில் மீன்பிடிப்பைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இரண்டு நாள் கூடுகிறார்கள். இரவு விருந்துக்குப் பிறகு வினாடி வினா. நாற்பது அட்டைகள், எல்லாம் ஆங்கிலத்தில். "நம்ம ஊர்ல நடத்துறோம், தமிழ் இல்லாம எப்படி மேடம்?" என்றார் பொறுப்பாளர். பொருள், செயற்கை ஈயை வீசி டிரவுட் மீன் பிடிக்கும் கலை. மரபான ஈக்கள், ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட், அதைப் பிடித்த பெரிய மனிதர்கள். நெம்மேலிக் கடலில் டிரவுட் கிடையாது. செங்கல்பட்டு மாவட்டத்தின் எந்த ஏரியிலும் கிடையாது. அது குளிர்ந்த, ஓடும் நீரில் வாழும் மீன். ஆனாலும் பணம் நன்றாக இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

முதலில் வந்த சிக்கல் சொல். 'ஃபிளை' என்பதை 'ஈ' என்று போட்டுவிட்டேன், ஆனால் அது ஈ அல்ல. தூண்டில் முள்ளின் மேல் பட்டுநூலும் இறகும் விலங்கு மயிரும் சுற்றி, நீரிலிருந்து எழுந்து பறக்கும் பூச்சியின் தோற்றம் வரும்படி கட்டுவது. அதற்கு எடையே இல்லை, கையால் வீசி எறிய முடியாது. அதனால் நூலைக் கனமாக்கி நூலை வீசுகிறார்கள், நூல் ஈயைச் சுமந்துபோய் நீரில் இறக்குகிறது. எந்த மாதம் எந்தப் பூச்சி எழும், அதற்கு எந்த இறகு, எந்த நிற நூல் என்று ஐந்நூறு ஆண்டு அறிவு அந்தச் சிறு முடிச்சுக்குள் இருக்கிறது. இதில் எனக்கு இகழ்ச்சி இல்லை. இரண்டு வாரம் அதைப் படித்ததில் மயங்கித்தான் போனேன்.

ஆனால் அட்டைகளைப் பெயர்த்து முடித்த இரவு, பழக்கதோஷத்தில் பெயர்களை எண்ணினேன். நாற்பது கேள்விகளில் இருபத்து மூன்றின் விடை ஒரு மனிதப் பெயர். இருபத்திரண்டு ஆண்கள். பெண் ஒருத்தி. அவள் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு: 'இருந்தாரா என்பது ஐயம்.'

அந்த ஒருத்தி ஜூலியானா பெர்னர்ஸ். ஆங்கிலத்தில் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி அச்சேறிய முதல் நூல் 1496இல் வைன்கின் டி வொர்ட் என்பவரின் அச்சகத்திலிருந்து வந்தது. அதில் பன்னிரண்டு ஈக்களைக் கட்டும் முறை இருக்கிறது. அதை எழுதியவர் ஒரு கன்னிமடத் தலைவி என்பது வழிவழி வந்த செய்தி. சான்று குறைவு, ஒப்புக்கொள்கிறேன். அவர் பெயர் உண்மையில் ஒட்டியிருப்பது பத்தாண்டு முந்திய வேட்டை நூலில். ஆராய்ச்சிக்காரி என்ற முறையில் எனக்கும் ஐயம் உண்டு. என் கேள்வி வேறு. அதே அட்டைக் கட்டில் 'மீன்பிடிக் கலையின் தந்தை யார்?' என்று ஒரு கேள்வி. விடை ஐசக் வால்டன். அவர் நூல் 1653. நூற்றைம்பத்தேழு ஆண்டு பிந்திப் பிறந்த தந்தை! தாயைப் பற்றிச் சான்று கேட்கிறவர்கள், தந்தையின் பிறந்தநாளைக் கணக்கிட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

தமிழ் படித்தவளுக்கு இது பழைய கதை. ஔவை ஒருத்தியா, இருவரா, பலரா என்று நாம் எத்தனை தேர்வில் எழுதியிருக்கிறோம்! பல காலத்து ஔவைகள் இருந்தார்கள் என்பது சரியான ஆய்வு முடிவுதான். ஆனால் வகுப்பில் ஔவையைத் தொடங்கும்போது ஐயத்திலிருந்து தொடங்குகிறோம், கபிலரைத் தொடங்கும்போது பாட்டிலிருந்து தொடங்குகிறோம். அவர் பெயரிலும் பின்னாளில் வேறு கபிலர்கள் உண்டு. நானும் இருபது ஆண்டு அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன்.

சரி, ஈக்களுக்கு வருவோம். கிரீன்வெல்ஸ் குளோரி என்று புகழ்பெற்ற ஒரு டிரவுட் ஈ. 1854இல் வந்தது. கிரீன்வெல் ஒரு பாதிரியார், மீன் பிடித்தவர். அதைக் கட்டிக்கொடுத்தவர் ஜேம்ஸ் ரைட், கைத்தொழிலாளி. பெயர் வாங்கியவனுக்குப் போனது, கட்டியவனுக்கு இல்லை. ரைட் ஆண்தான். ஆக இது ஆண் பெண் கணக்கு மட்டுமல்ல என்று சொல்வீர்கள். சரிதான். மீனைப் பிடித்தவன் பெயர் நிற்கும், முடிச்சுப் போட்டவன் பெயர் நிற்காது என்ற சட்டம் முதலில் ஏழைக்காக எழுதப்பட்டது. பிறகு முடிச்சுப் போடும் வேலை பெண்களின் கைக்கு வந்தபோது அந்தச் சட்டம் இரட்டிப்பாகப் பொருந்தியது.

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஆர்விஸ் என்ற கடை. அதன் ஈ கட்டும் அறையில் வேலை செய்தவர்கள் பெண்கள். மேற்பார்வை பார்த்தவர் கடைக்காரரின் மகள் மேரி ஆர்விஸ் மார்பரி. அன்றைக்கு ஒரே ஈக்கு ஊருக்கு ஒரு பெயர், ஒரே பெயருக்கு ஊருக்கு ஒரு ஈ. அந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தி, வண்ணத் தகடுகளோடு 1892இல் ஒரு பெரிய நூல் கொண்டுவந்தார். நாடெங்கும் இருந்த மீன்பிடிக்காரர்களின் கடிதங்களைத் திரட்டிச் செய்த நூல். என் அட்டைகளில் அவர் இல்லை. அவருடைய அறையில் உட்கார்ந்து கட்டிய மற்றப் பெண்களின் பெயரைச் சொல்லப் புகழ்பெற்ற நூல் எதுவும் இல்லை.

மெய்ன் மாநிலத்தில் கேரி ஸ்டீவன்ஸ், தொப்பிக்கு இறகு வைத்துத் தைக்கும் பெண். 1924 ஜூலை முதல் நாள் தானே கட்டிய ஈயைக் கொண்டு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலிருந்த புரூக் டிரவுட்டைப் பிடித்தார். கிரே கோஸ்ட் என்ற புகழ்பெற்ற ஈ அவர் கையில் உருவானது. தொப்பிக்கடை விரல்களுக்கு அந்த வேலை பழக்கமானதுதானே. ஸ்காட்லாந்தில் 1922 அக்டோபரில் ஜார்ஜினா பாலன்டைன் டே ஆற்றில் பிடித்த சால்மன் 64 பவுண்டு, அதாவது 29 கிலோ. நூறு ஆண்டாகியும் பிரிட்டனில் அந்த அளவை யாரும் தாண்டவில்லை. அந்த மீனைக் கடைக் கண்ணாடியில் காட்சிக்கு வைத்தபோது, ஒரு பெண்ணால் இது முடியவே முடியாது என்று இரண்டு கிழவர்கள் பேசிக்கொண்டதைக் கூட்டத்தில் நின்று அவரே கேட்டதாக ஒரு செய்தி உண்டு.

எனக்கு மிகப் பிடித்தவர் மேகன் பாய்ட். 1915இல் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் வடகோடியில், மின்சாரம் இல்லாத குடிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்து அறுபது ஆண்டு ஈ கட்டினார். இளவரசர் சார்லஸ் அவருடைய வாடிக்கையாளர். 1971இல் பதக்கம் அறிவித்தார்கள். நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அரண்மனைக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். அவர் மீன் பிடித்ததே இல்லை. கொல்ல மனம் வரவில்லை என்பார். உலகின் மிகச் சிறந்த சால்மன் ஈக்கள் என்று ஏலத்தில் விடப்படுகிறவற்றை, ஒரு சால்மனையும் கொல்ல விரும்பாத பெண் கட்டியிருக்கிறாள்.

இப்போது இறகுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் நம் காடு வருகிறது. சால்மன் ஈக்களில் ஜாக் ஸ்காட் போன்ற புகழ்பெற்றவற்றில், தலைக்குப் பக்கத்தில் கண்போல ஒரு மஞ்சள் பொட்டு மினுங்கும். மெழுகு தடவியதுபோன்ற அந்த இறகு சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திலிருந்து வருவது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன் அவன். புதுச்சேரியில் இருந்துபோன பிரெஞ்சுக்காரர் சொன்னெராவின் பெயரை அறிவியல் அதற்குச் சூட்டியிருக்கிறது. நம் மலைச் சேவலின் கழுத்து கப்பலேறிப்போய் ஸ்காட்லாந்து ஆறுகளில் மிதந்தது. அந்தச் சேவலைக் கண்ணி வைத்துப் பிடித்த கை எது, அதற்கு எத்தனை அணா என்று எந்த அட்டையும் கேட்கவில்லை.

இறகுக்காகப் பறவைகளை அழித்த கதையில் பழி யார்மேல் விழுந்தது தெரியுமா? தொப்பி அணிந்த பெண்கள்மேல். 1920இல் இறகு இறக்குமதித் தடை மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தேங்கி நின்றபோது, ஓர் ஆண் பத்திரிகையாளர் பெண்களின் ஆடம்பரத்தைத் திட்டி எழுதினார். வர்ஜீனியா வுல்ஃப் பதில் எழுதினார். பறவையைக் கொல்வது ஆண், விற்று லாபம் பார்ப்பது ஆண், மசோதாவைத் தேங்கவிட்ட மன்றத்தில் நிறைந்திருப்பதும் ஆண் என்பது அவர் வாதம். அதே இறகை முள்ளில் கட்டி ஆற்றில் வீசியவர்களின் ஆடம்பரத்தைப் பற்றி யாரும் அவ்வளவு சத்தம் போடவில்லை. அது கலை, மரபு. 2009 ஜூனில் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்களை ஓர் இளைஞன் திருடினான். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவையும் அதில் இருந்தன. எதற்கு? விக்டோரியா காலத்து ஈக்களை அச்சு அசலாகக் கட்டுவதற்கு. அவனைத் திருடன் என்றார்கள், அறிவாளி என்றார்கள். 'ஆணின் ஆடம்பரம்' என்று எழுதியவரை நான் படிக்கவில்லை.

அடுத்தது அந்த 'வைல்டு' என்ற சொல். காட்டுப் பழுப்பு டிரவுட். பண்ணையில் வளராமல் ஆற்றிலேயே பிறந்தது என்று பொருளாம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அது பொருந்தும். ஆனால் இந்த மீனை உலகெங்கும் கொண்டுபோனது யார்? 1864இல் நார்ஃபோக் என்ற கப்பலில் பனிக்கட்டிக்கும் பாசிக்கும் நடுவில் வைத்து முட்டைகளை டாஸ்மேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். 1880களில் நுவரெலியாவுக்கு. 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து காஷ்மீருக்கு. நம் நீலகிரியில் 1860களில் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் முயன்றபோது வேர்கொண்டது வானவில் டிரவுட், பழுப்பு அல்ல. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது அதற்காகத்தான். இந்த இரண்டு டிரவுட்டும் இன்று உலகின் மிக மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் இருக்கின்றன. ஐஸ்பெட்டியில் வந்தது காட்டுமீன் ஆகிவிட்டது. அந்த ஆற்றில் முன்பே இருந்த மீன்கள் 'சில்லறை மீன்' ஆகிவிட்டன.

மீன் வந்ததோடு சட்டமும் வந்தது. சட்டம் மீனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது என்பதே சரி. நீலகிரியில் வேட்டை விலங்கையும் மீனையும் காக்க 1879இலேயே தனிச் சட்டம். உரிமம் வாங்கிச் சுடுகிறவன் வேட்டைக்காரன், வாங்காமல் வயிற்றுக்குப் பிடிக்கிறவன் திருடன். சென்னை மாகாணத்து அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டிலைப் பற்றி எழுதிய நூல் இன்றும் கொண்டாடப்படுகிறது. நல்ல நடை, கூர்மையான கண். ஆனால் சின்னக் கண் வலையும் கூடையும் வைத்துக் குஞ்சுகளை வாரும் ஊர்மக்கள்தான் மீன் குறைவதற்குக் காரணம் என்பது அவர் கட்சி. வாய்க்காலில் கூடை வைத்து வாருவது யார் வேலை? பிள்ளைகளும் பெண்களும். சோற்றுக்குக் கூட ஒரு குழம்பு அது.

ஒன்றை மட்டும் அட்டைகள் எனக்குச் சொல்லித்தந்தன, நன்றி. பழுப்பு டிரவுட்டில் முட்டையிடக் கூழாங்கல்லைத் தோண்டிக் குழி பறிப்பது பெண்மீன். வாலால் அடித்து அடித்துத் தானே தோண்டுகிறது, முட்டையிட்டபின் தானே கல்லைத் தள்ளி மூடுகிறது. ஆண்மீன்கள் அந்த நேரத்தில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

இந்தக் கதையெல்லாம் எனக்கு மீன் கொண்டுவரும் அக்காவிடம் சொன்னேன். பிடித்த மீனை முத்தம் கொடுக்காத குறையாகத் தூக்கிப் படமெடுத்துத் திரும்ப ஆற்றில் விட்டுவிடுவார்கள் என்றதும் கூடையை இறக்கி வைத்துவிட்டார். "புடிச்சிட்டு வுட்டுர்றதுக்கா டீச்சரம்மா இம்மாம் பாடு? அந்த மீனு வாய் புண்ணாவாது?" என்றார். வினாடி வினாவுக்கு இது நல்ல கேள்வி.

முட்டுக்காட்டு உப்பங்கழியில் பாலத்தின்மேல் வண்டியில் போகிறவர்கள் கீழே பார்த்தால் தெரியும். இருளர் பெண்கள் மார்பளவு நீரில் அமிழ்ந்து நகர்ந்துகொண்டிருப்பார்கள். தூண்டில் இல்லை, வலை இல்லை. இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிக்கிறார்கள். பறியின் கயிறு பல்லில். கைகள் நீருக்குள் இருப்பதால் வாய்தான் மூன்றாவது கை. எந்தச் சேற்றில் எந்த நேரத்தில் இறால் ஒதுங்கும் என்று விரல்நுனிக்குத் தெரியும். பூச்சியைப் பார்த்து ஈயைத் தேர்ந்தெடுக்கும் அறிவுக்கு இது எந்த வகையில் குறைந்தது? நகக்கண்ணில் புண்ணோடு கரையேறும் அந்த அறிவுக்கு நூலில்லை, பதக்கமில்லை.

'விளையாட்டையும் தொழிலையும் ஒப்பிடலாமா?' என்று ஒரு தோழி கேட்டாள். ஒப்பிட்டது நான் இல்லை. விளையாடுகிறவனுக்கு 'கலைஞன்' என்ற பெயரும், உழைக்கிறவளுக்கு 'உதவியாள்' என்ற பெயரும் கொடுத்து இரண்டையும் ஒரே தராசில் ஏற்கெனவே வைத்துவிட்டார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் எடுத்த கடல் மீனவர் கணக்கைப் பாருங்கள். கடலுக்குப் போகிறவர் 'செயல்படும் மீனவர்'. விற்பது, உலர்த்துவது, வலை பின்னுவது, இறால் உரிப்பது எல்லாம் 'சார்புத் தொழில்'. எதைச் சார்ந்து? விடிகாலை மீன் கரையேறியதும் ஏலத்தில் குரல் கொடுத்து வாங்கி, ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோவில் கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் கொண்டுபோய் அந்த மீனைக் காசாக்குகிறவள் செயல்படாமல் இருந்தால் படகுக்கு டீசல் ஏது?

நற்றிணையின் 45ஆம் பாட்டை என் மாணவிகளுக்கு ஆண்டுதோறும் நடத்துகிறேன். தேரில் வந்த பணக்கார வீட்டுப் பையன் கடற்கரைப் பெண்ணின் பின்னால் சுற்றுகிறான். தோழி அவனிடம் சொல்கிறாள்: இவள் பரதவர் மகள், நாங்கள் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவைகளை ஓட்டுகிறவர்கள், எங்கள்மேல் புலால் நாறும், எட்டி நில், உன் ஊர்ச் செல்வம் எங்களுக்கு எதற்கு, எங்கள் ஊரிலும் சிறந்தவர்கள் இருக்கிறார்கள். 'சேட்படுத்தல்' என்று துறை சொல்லிக் கடந்துவிடுவோம். காதலுக்கான தந்திரப் பேச்சு என்று உரை சொல்லும். எனக்கு இப்போது அது தந்திரமாகத் தெரியவில்லை. பொழுதுபோக்க வந்தவனிடம் வேலை செய்கிறவள் தன் வேலையைச் சொல்லி நிற்கும் இடம் அது. நாற்றத்தை அவளே முதலில் சொல்லிவிடுகிறாள், அவன் மூக்கைப் பொத்துவதற்கு முன்னால்.

அட்டைகளை அனுப்பும்போது கூடவே மூன்று கேள்விகளை நானாக எழுதிச் சேர்த்தேன். ஒன்று மேகன் பாய்ட். ஒன்று பாலன்டைன். மூன்றாவது: முட்டுக்காட்டில் இறால் பிடிக்கும் பெண்கள் பறியை எதில் பிடித்துக்கொள்கிறார்கள்? பொறுப்பாளர் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். "மூணாவது நம்ம டாபிக்ல வராது மேடம். முதல் ரெண்டும் சூப்பர். லேடீஸ் ஸ்பெஷல்னு தனி ரவுண்டு வச்சுக்கலாம், ஃபேமிலியெல்லாம் வர்றாங்க." வேண்டாம், மூன்றையும் எடுத்துவிடுங்கள் என்றேன். பணம் சொன்ன தேதியில் வந்தது. வாங்கிக்கொண்டேன். இருபத்திரண்டு ஆண்களோடு இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்தால் போதும் என்று நானும் ஒரு கணம் நினைத்தேன் என்பதுதான் உறுத்துகிறது.

அதைவிட உறுத்துவது வேறு. கல்லூரியில் உதவித்தொகைப் படிவங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் வேலை ஆண்டுக்கணக்காக என்னிடம் இருக்கிறது. குப்பத்துப் பிள்ளைகள் வருவார்கள். தந்தை தொழில்: மீன்பிடித்தல். தாய் தொழில்: இல்லத்தரசி. பிள்ளைகள் தயங்கினால் நானே சொல்லுவேன், "ஹவுஸ்வைஃப்னு போடும்மா." அந்தப் பிள்ளையின் கட்டணத்தைச் சுருட்டிய நோட்டுகளாகக் கொண்டுவந்து கட்டியது அவள் அம்மா என்று தெரிந்தும் சொன்னேன். எத்தனை படிவம் என்று எனக்குக் கணக்கில்லை.

இந்த ஆனியில் ஒரு மாணவி படிவத்தோடு வீட்டுக்கே வந்தாள். கூடவே அவள் அம்மா, கூடையோடு. இந்த முறை நான் பேனாவை எடுத்து, தாய் தொழில் என்ற கட்டத்தில் 'மீன் வியாபாரம்' என்று எழுதப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

"அத்த எழுதாதீங்க டீச்சரம்மா. வருமானம் எவ்ளோன்னு கேப்பாங்க. சேத்துக் கணக்குப் போட்டா பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் போயிடும்."

நான் விளக்கப் பார்த்தேன். அவர் சிரித்தார். "எனுக்குத் தெரியும் நான் என்னா வேல செய்றேன்னு. பேப்பருக்குத் தெரிய வேணாம். இந்த வருசம் வுட்ருங்க."

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டம் காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணே பேனாவை வாங்கி, வழக்கமான சொல்லை எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். கிளம்பும்போது அந்த அம்மா கூடையின் மேல் மூடியிருந்த ஈரச் சாக்கை விலக்கி, "மடவ இருக்குது, காலைல வந்தது, போடட்டுமா?" என்றார். ஒரு கிலோ வாங்கினேன். விலை சொன்னார். பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பார்த்தேன், குறைக்கவில்லை.